மாசி, பங்குனியில் முகட்டுப் பயணம் வேண்டாம்: மலையேற்ற ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மேற்குத் தொடர்ச்சி மலையில் வார இறுதி மலையேற்றப் பயணங்களை நடத்தும் குழுக்களின் பொறுப்பாளர்கள்

மார்ச் மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களில், தேனி மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் சந்திக்கும் மலைமுகட்டில் முதுகுப்பையோடு நடை, முகட்டிலேயே கூடாரத்தில் இரவுத் தங்கல், கேம்ப்ஃபயர், மறுநாள் பிற்பகல் இறக்கம் என்று உங்களில் ஒரு குழு வெளியிட்டிருக்கும் அறிவிப்பைப் பார்த்தேன். கோடைக் கூட்டம் வருவதற்கு முன் பொன்னிறப் புல்வெளியில் நடந்துவிட வேண்டும் என்று அதில் ஆசை காட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பொன்னிறம், வாரக்கணக்கில் மழை காணாமல் காய்ந்து நிற்கும் புல்லின் நிறம். அதே வாரத்தில், அதே மலைத்தொடரில், 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை குரங்கணிக் காட்டில் பரவிய தீயில் சிக்கி, அன்றும் அடுத்து வந்த நாட்களிலுமாக 23 பேர் இறந்தார்கள். இதை அறியாதவர் எவரும் உங்கள் தொழிலில் இருக்க முடியாது. அறிந்திருந்தும் அதே வாரத்தைத் தேர்ந்தெடுத்து அறிவிப்பு வெளியிட முடிகிறதே என்பதைத்தான் என்னால் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

நான் போடிநாயக்கனூரைச் சேர்ந்தவன். ஏலக்காய்க் கடை ஒன்றில் கணக்கெழுதுகிறேன். குரங்கணியிலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற மலையிடம் வழியாக முகட்டிலுள்ள டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் பாதையைப் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவேன். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டிகளில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. ஆள் நடமாட்டம் இல்லாத வனாந்தரம் என்று நீங்கள் விளம்பரம் செய்யும் இந்தச் சரிவுகளில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சுமைகாரர்களும் தோட்டத் தொழிலாளர்களும் ஏறி இறங்கியிருக்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தச் சரிவில் கால் வைக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலையேற்றமே கூடாது என்று சொல்ல வந்தவனாக என்னைக் கருத வேண்டாம். நகரத்துப் பிள்ளைகள் மலைக்கு வர வேண்டும் என்றே விரும்புகிறேன். நான் எதிர்ப்பது மாசி, பங்குனி மாதங்களில் புல்முகடுகளில் ஆட்களை அழைத்துப்போய் இரவு தங்கவைக்கும் பயணங்களை மட்டுமே.

குரங்கணித் தீக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. தீ அபாயம் மிகுந்த பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான காலத்தில் அத்தடங்கள் மூடப்படுகின்றன. மூடல் அறிவிப்பு வந்த கையோடு உங்கள் பயணப் பட்டியல் மேற்கு நோக்கி நகர்ந்துவிடுவதைக் கவனித்து வருகிறேன். கேரளத்து இடுக்கி மாவட்டத்திலுள்ள சூரியநெல்லிப் பக்கமிருந்து ஜீப்பில் ஏறி, தனியார் தோட்டத்தின் எல்லைக்குள் கூடாரம் அடித்து, அங்கிருந்து முகட்டின் மேல் நடந்தால் தமிழக வனத்துறையின் நாள்காட்டி நம்மைக் கட்டுப்படுத்தாது என்பது உங்கள் கணக்கு. சட்டத்தின் கண்ணில் அந்தக் கணக்கு நிற்குமா என்பதை வழக்கறிஞர்கள் சொல்லட்டும். எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் காய்ந்த புல் அந்தப் பக்கமும் காய்ந்துதான் நிற்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்தில் 2020 பிப்ரவரியில் தீயை அணைக்கப் போன வனக் காவலர்கள் மூவர் அதே தீயில் மாண்டார்கள். கர்நாடகத்தில் பந்திப்பூர்க் காட்டில் 2017 பிப்ரவரியில் வனப் பணியாளர் ஒருவர் அவ்வாறே உயிரிழந்தார். காட்டிலேயே வேலை பார்த்தவர்களுக்கு நேர்ந்தது இது. நீங்கள் அழைத்து வருபவர்களில் பெரும்பாலோர் மலையையே முதன்முறையாகப் பார்ப்பவர்கள்.

இந்த மலையின் கிழக்குச் சரிவு மழை மறைவுப் பகுதி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் சுக்குநாறிப் புல்லும் பிற புற்களும் ஆளுயரத்துக்கு வளர்கின்றன. மார்கழிக்குப் பிறகு மழை நின்றுவிடுகிறது. உயரமான இடங்களில் உறைபனி விழுந்து புல்லின் நுனியைக் கருக்குகிறது. தை முடிவதற்குள் முழுப் புல்லும் சருகாகிறது. சுக்குநாறியைக் கையில் கசக்கி முகர்ந்தவர்களுக்கு அதில் எண்ணெய் இருப்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மாசியில் காற்று தொடங்குகிறது. கோடை மழை ஒன்றிரண்டு பெய்து புல்லின் தூர் பச்சை பிடிக்கும் வரை, இந்தச் சரிவு முழுவதும் ஒரு பீடித் துண்டுக்குக் காத்திருக்கிறது என்று சொன்னால் அதில் மிகை ஏதுமில்லை.

சமதளத்தில் பரவும் தீயும் சரிவில் ஏறும் தீயும் ஒன்றல்ல என்பதை உங்கள் வழிகாட்டிகளில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்? சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ தனக்கு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்பது தீயணைப்புப் பயிற்சிகளில் சொல்லித்தரப்படும் பொதுக் கணக்கு. அந்தக் கணக்கில் 30 பாகைச் சரிவில் தீ எட்டு மடங்கு வேகத்தில் வரும். முதுகில் சுமையோடு அதே சரிவில் ஏறும் ஒருவர், நல்ல உடல்நிலையில் இருந்தாலும், ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறினாலே அதிகம். பகலில் சரிவு சூடேறியதும் காற்றும் பள்ளத்திலிருந்து முகட்டை நோக்கித்தான் வீசும். ஆகவே கீழே எங்கோ பற்றிய தீ, பிற்பகலில், முகட்டில் நடப்பவர்களை நோக்கியே வரும். இரண்டு முகடுகளுக்கு நடுவிலுள்ள தாழ்வும், சரிவைக் கீறி இறங்கும் ஓடைப் பள்ளமும் புகைபோக்கிபோலத் தீயை மேலே இழுத்துக்கொள்ளும். புகையைக் கண்டு மிரண்டவர்கள் மேல்நோக்கி ஓடுவதும், மறைவாகத் தெரிகிறதே என்று பள்ளத்துக்குள் இறங்குவதும் இயல்பு. இரண்டுமே உயிரைப் பறிக்கும் என்பதைப் புறப்படும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கிச் சொல்லியாக வேண்டும். சொல்லப்பட்டதா என்று விசாரித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கே கிடைத்தது.

சென்ற ஆண்டு மாசிக் கடைசியில், சென்னையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகள் இப்படி ஒரு பயணத்துக்குப் பணம் கட்டியிருந்தாள். உடன் வருவதாக இருந்த தோழி வர முடியாமல் போகவே, அந்த இடத்தில் நான் போனேன். நடத்திய குழுவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; ஒரு குழுவைக் குற்றவாளியாக்கிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு இந்த மடல் பயன்படக் கூடாது. ஜீப் ஏறும் இடத்தில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எது நேர்ந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல என்பது அதில் விரிவாக இருந்தது. இரத்த வகைக்கோ, வீட்டில் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதற்கோ அந்தத் தாளில் இடமில்லை. பெயர்ப் பட்டியலின் நகல் ஒன்றை அடிவாரத்தில் யாரிடமாவது கொடுத்தீர்களா என்று கேட்டேன். குழுத் தலைவரின் கைப்பேசியில் இருக்கிறது என்றார்கள். அந்தக் கைப்பேசியும் எங்களோடு மேலே வந்து, முதல் வளைவைத் தாண்டியதும் சிக்னல் இழந்தது.

வழிநடத்த வந்த இளைஞர்கள் இருவருமே நல்ல பிள்ளைகள். மூச்சு வாங்கியவர்களின் பைகளைத் தாங்களே சுமந்தார்கள். ஆனால் இருவரில் ஒருவர்கூட இந்த மலையைச் சேர்ந்தவர் இல்லை. கைப்பேசியில் பதிவிறக்கியிருந்த ஒரு கோட்டைப் பின்பற்றி நடந்தார்கள். அந்தக் கோட்டைவிட்டு இறங்க வேறு வழி எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, வேறு வழி தேவைப்படாது என்று பதில் வந்தது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். வழியில் ஊற்று இருக்கிறது என்பது ஏற்பாடு. வெயிலில் ஏறும்போது மணிக்கு அரை லிட்டர் குடித்தால் நான்கு மணி நேரத்துக்குத்தான் அது போதும். ஊற்று இருந்த பாறையில் ஈரக் கோடு மட்டுமே தெரிந்தது. அதன் அடியில் யாரோ முன்பு செருகி வைத்திருந்த ஓர் இலை வழியாகத் துளித்துளியாக விழுந்ததை வரிசையில் நின்று பிடித்தோம். 2022 பிப்ரவரியில் மலம்புழையை அடுத்த குறும்பாச்சி மலையின் பாறை இடுக்கில் சிக்கிய இளைஞர் ஒருவர், இராணுவ வீரர்கள் வந்து மீட்கும் வரை இரு இரவுகள் தண்ணீரில்லாமல் தவித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. இந்தப் பருவத்தில் மலையில் தண்ணீர் கிடைக்காது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நண்பகல் கடந்தபோது, எதிர்ச் சரிவின் அடியில் நூல்போல ஒரு புகை எழுந்தது. நான் வழிகாட்டியிடம் காட்டினேன். தோட்டத்தில் சருகு எரிக்கிறார்கள் என்றார். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அது எந்தத் தோட்டம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, இன்னும் எவ்வளவு நேரத்தில் நாம் பாறைப் பகுதியை அடைவோம் என்று அவர் ஒரு கணம் நின்று யோசித்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். புகையைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சிலருக்கு நேரம் கொடுத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

இரவு நடந்ததுதான் இன்னும் பெரிது. கூடாரங்களுக்கு நடுவில், கைக்கெட்டிய அளவுக்குப் புல்லைப் பிடுங்கி ஒரு வட்டம் போட்டார்கள். பிடுங்கிய புல்லையே பற்றவைப்பதற்கும் வைத்துக்கொண்டார்கள். தோட்டத்துக் காவலுக்கு இருந்த முதியவர் ஒருவர் விறகுக் கட்டைப் பார்த்துவிட்டு எங்களை நோக்கி வந்தார்.

“தம்பி, இந்தக் காத்துல தீ மூட்டாதீக. ஒரு பொறி அந்தப் பக்கம் விழுந்துச்சுன்னா நம்மால நிறுத்த முடியாது.”

“ஐயா, இதுக்குன்னே காசு கட்டி வந்திருக்காங்க. கொஞ்ச நேரம்தான்யா, அணைச்சிருவோம்.”

முதியவர் அதற்குமேல் வாதாடவில்லை. தம் குடிசைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, பாட்டும் ஆட்டமும் முடியும் வரை காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறத்தில், பொறி போய் விழக்கூடிய பக்கமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் படுக்கப் போன பிறகு குடத்துத் தண்ணீரை ஊற்றி, குச்சியால் சாம்பலைக் கிளறி, மறுபடி ஊற்றி, உள்ளங்கையைச் சாம்பலுக்குள் வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். காலையில் நான் படுத்திருந்த கூடாரத்தின் நைலான் கூரையில் சிகரெட் சுட்ட அளவில் சில ஓட்டைகளைக் கண்டேன். பொறிகள் அதையும் தாண்டிப் பறந்திருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அந்த முதியவருக்குக் கூலி ஏதும் கொடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் பெயரைக்கூட எவரும் கேட்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் உங்கள் தரப்பில் சொல்லப்படும் பதில்களை நான் அறிவேன். பலமுறை கேட்டிருக்கிறேன். அனுமதி வாங்கித்தான் போகிறோம் என்பது முதலாவது. தோட்ட உரிமையாளர் தம் நிலத்தில் கூடாரம் அடிக்கக் கொடுக்கும் அனுமதி, தோட்டத்தைச் சுற்றியுள்ள புல்சரிவில் தீ வராது என்பதற்கான உத்தரவாதம் ஆகாது. தமிழ்நாடு வனச் சட்டம் 1882 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972 வரை, காப்புக் காட்டிலும் சரணாலயத்திலும் தீ மூட்டுவதைத் தடுக்கும் பிரிவுகள் இருக்கின்றன. தோட்ட வேலிக்கு உள்ளே மூட்டப்பட்ட தீயின் பொறி வேலிக்கு வெளியே விழுந்தால் அது யார் மூட்டிய தீ என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காட்டுத்தீ எப்போதாவது வருவது, அதற்குப் பயந்தால் சாலையில்கூட நடக்க முடியாது என்பது இரண்டாவது பதில். குரங்கணியைச் சுற்றி வாழ்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். போடி ஊருக்குள்ளிருந்து இரவில் மலையைப் பார்த்தால் பல ஆண்டுகள் மாசி, பங்குனியில் சிவப்புக் கோடுகள் சரிவில் ஊர்வது கண்ணுக்குத் தெரியும். வனத்துறையினர் தை மாதத்திலேயே தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், தீத்தடுப்புக் காவலர்களை நியமிப்பதும் எப்போதாவது வருவதற்கான ஏற்பாடு ஆகாது. ஆண்டுதோறும் வரும் ஒன்றுக்குத்தான் அப்படித் தயாராக முடியும்.

உள்ளூர் மக்களுக்கு வருமானம் கிடைக்கிறது என்ற மூன்றாவது பதிலை நான் அலட்சியமாகத் தள்ளிவிட மாட்டேன். ஜீப் ஓட்டுபவர்களும், சமைத்துக் கொடுப்பவர்களும், கூடாரம் சுமப்பவர்களும் எங்கள் ஊர்க்காரர்களும் சூரியநெல்லிக்காரர்களும்தான். ஆனால் அவர்களுக்கு நீங்கள் கொடுப்பது கூலி மட்டுமே. பயணம் போகலாமா, திரும்பலாமா என்று சொல்லும் இடத்தில் அவர்களை வைப்பதில்லை. 2018இல் தீ பரவிய செய்தி கிடைத்ததும், மீட்புப் படைகள் வந்து சேர்வதற்கு முன்பே மலையேறியவர்கள் குரங்கணி மக்களும் வனப் பணியாளர்களும். ஹெலிகாப்டர் இருட்டில் எதுவும் செய்ய முடியாமல் நின்ற வேளையில், போர்வையைக் கழியில் கட்டித் தூளியாக்கி, தீக்காயம் பட்டவர்களை அந்தச் சரிவில் சுமந்து இறக்கினார்கள். அன்றிரவு போடி அரசு மருத்துவமனைக்கு முன்னால் கூடியிருந்தவர்களில் நானும் இருந்தேன். ஆம்புலன்சுகளுக்கு வழிவிட்டுக் கூட்டம் ஒதுங்கும்போது எழுந்த அமைதியையும், உள்ளே கொண்டுபோகப்பட்டவர்களின் வயதையும் மறக்க முடியவில்லை. உங்கள் பயணத்தில் விபத்து நேர்ந்தால் மலையேறி வரப்போகிறவர்கள் இவர்கள்தான். பயணத்துக்கு முன் இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்பது அவ்வளவு கடினமா?

குரங்கணியில் அன்று பலியானவர்களில் பலர் மலையேற்றத்துக்குப் புதியவர்கள். இரண்டு குழுக்களாக வந்தவர்கள். முதல் நாள் ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்கிக்கொண்டிருந்தவர்கள். நீங்கள் இன்று விற்கும் பயணத்தின் அமைப்பும் இம்மி பிசகாமல் அதுவே. முதல் நாள் ஏற்றம், இரவுத் தங்கல், மறுநாள் சூரிய உதயம், சாவகாசமாகக் காலை உணவு, படங்கள், அதன் பிறகு வெயிலும் காற்றும் உச்சத்திலிருக்கும் பிற்பகலில் புல்சரிவு வழியாக இறக்கம். அந்த நாளிலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை உங்கள் நேர அட்டவணையே சொல்கிறது.

மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன்; வரையாடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவை குட்டி ஈனும் பருவத்துக்காக இரவிகுளம் தேசியப் பூங்கா வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. பூங்காவின் எல்லைக்கு வெளியேயுள்ள முகடுகளிலும் அதே ஆடுகள்தான் குட்டிகளோடு நிற்கின்றன. ஆட்கள் வரிசையாக முகட்டில் வந்தால் அவை பாறைச் சரிவுக்குள் இறங்கி ஒதுங்குகின்றன. உங்கள் விளம்பரத்தில் வரையாட்டின் படத்தைப் போட்டு ஆட்களை ஈர்க்கும் நீங்கள், அந்த இரண்டு மாதம் அதற்கு வழிவிடுவதுதான் முறை.

இனி நான் கேட்டுக்கொள்பவை.

முதலாவதாக, மார்ச் இரண்டாவது வார இறுதிக்கு அறிவித்திருக்கும் முகட்டுப் பயணத்தை ரத்து செய்யுங்கள். முன்பணம் கட்டியவர்களுக்குப் பிடித்தம் ஏதுமின்றி முழுத் தொகையையும் திருப்பிக் கொடுங்கள். வேறு தேதிக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லி மார்ச் கடைசிக்குத் தள்ளிவைப்பதை ரத்தாக ஏற்க முடியாது.

பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என எந்த மாநிலமானாலும், நிலம் வனத்துறையுடையதோ தனியாருடையதோ, புல்வெளி முகடுகளில் பயணமோ இரவுத் தங்கலோ நடத்துவதில்லை என்று உங்கள் குழுக்கள் அனைத்தும் சேர்ந்து அறிவிக்க வேண்டும். ஏப்ரல் 15 கடந்தும் கோடை மழை பெய்யாத ஆண்டில், மழை பெய்து புல் பச்சை பிடிக்கும் வரை அதை நீட்டிக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் மழை ஓய்ந்த நாட்களும் ஜனவரியும் இந்த மலைக்கு நல்ல காலம். அந்தப் பருவத்தில் வாருங்கள். நாங்களும் உடன் வருகிறோம்.

கேம்ப்ஃபயரை எந்த மாதத்திலும் நடத்தாதீர்கள். உங்கள் விளம்பரங்களிலிருந்து அந்தச் சொல்லையும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் படங்களையும் எடுத்துவிடுங்கள். ‘இதுக்குன்னே காசு கட்டி வந்திருக்காங்க’ என்று உங்கள் இளைஞர் சொல்ல நேர்ந்தது, அந்த ஆசையை நீங்கள் முன்கூட்டியே விற்றிருந்ததால்தான்.

எந்தப் பருவத்திலும் ஒவ்வொரு குழுவோடும் அந்தந்த மலையடிவாரத்தைச் சேர்ந்த ஒருவர் வழிகாட்டியாக வர வேண்டும். பயணத்தைப் பாதியில் நிறுத்தித் திருப்பும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும். திருப்பினாலும் அவருடைய முழு ஊதியத்தில் குறைவு வரக் கூடாது. இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் முந்தைய வரிக்குப் பொருளில்லை என்பது கூலிக்கு வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

பெயர், வயது, இரத்த வகை, வீட்டுத் தொடர்பு எண், போகும் தடம், திரும்ப வேண்டிய நேரம் ஆகியவை அடங்கிய பட்டியலின் நகலை வனச்சரக அலுவலகத்திலும் அடிவார ஊரில் பொறுப்பான ஒருவரிடமும் கொடுத்துவிட்டு ஏறுங்கள். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் யார் யாரை அழைப்பார்கள் என்பது ஏறும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பொறுப்பல்ல என்று கையெழுத்து வாங்கும் தாளைக் கிழித்துப் போடுங்கள். அதற்குப் பதிலாக நீங்கள் ஏற்கும் பொறுப்புகளை எழுதிக் கையெழுத்திட்டு வருபவர்களிடம் கொடுங்கள்.

புறப்படும் இடத்தில் தீயைப் பற்றிப் பேசுங்கள். புகையைக் கண்டால் பையைக் கழற்றி எறிந்துவிட வேண்டும், மேல்நோக்கி ஓடக் கூடாது, ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கக் கூடாது, வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்து கருகிக் கிடக்கும் இடத்துக்கோ பக்கவாட்டில் நகர வேண்டும், செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டும் என்பதால் பருத்தி உடுப்பு வேண்டும் என்பன போன்றவற்றைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீருக்குக் குறைவாக எவரையும் ஏற்றாதீர்கள். ஊற்றில் நீர் இருக்கிறதா என்பதை அந்த வாரத்திலேயே ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். புல்சரிவில் இறங்க வேண்டிய பயணமானால் முற்பகலிலேயே இறங்கி முடிக்கும்படி நேரத்தை அமையுங்கள். சூரிய உதயப் படங்கள் சில குறைந்தால் குறையட்டும்.

இந்த மடலுக்கான உங்கள் பதிலைப் பிப்ரவரி முடிவதற்குள் எதிர்பார்க்கிறேன். பயண அறிவிப்பு வெளியான அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். பணம் கட்டியிருப்பவர்கள் அங்கேதான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
போடிநாயக்கனூரிலிருந்து
மலையேறும் ஒருவன்